கோடையில் ஒரு மலை நடை: வருசநாடு சிலபஸ்

செமஸ்டர் முடிஞ்ச அன்னைக்கு எல்லா வாட்ஸ்ஆப் குரூப்பிலும் ஒரே மெசேஜ்தான் வரும்: "மச்சி, ட்ரிப் எங்க?" பத்து நிமிஷத்தில் கொடைக்கானல், மூணாறு, வயநாடு எல்லாம் வந்து போகும். ராத்திரிக்குள்ள பாதிப் பேர் "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னு நழுவிடுவாங்க. இந்தக் கட்டுரை மிச்சமிருக்கிற பாதிப் பேருக்கு.

தேனியில் பஸ் ஏறினால் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று போய் வருசநாட்டில் இறங்கலாம். ரூம் போட வேண்டாம், கார் வாடகை வேண்டாம். ஒரு விடியற்காலை, ஒரு நடை, மத்தியானம் திரும்பி வர பஸ். அவ்வளவுதான். "ஏப்ரல், மே மாசத்திலா? வெயில்ல சாகவா?" என்று கேட்பீங்க. சரியான கேள்வி. கோடையில்தான் மலை தன்னைத் திறந்து காட்டும். கோடையில்தான் மலை ஆளையும் கொல்லும். ரெண்டுமே உண்மை. ரெண்டுக்கும் தேவைப்படுகிற திறமை ஒன்றுதான்: கவனிப்பு. நம்ம வழக்கப்படி இதை ஐந்து யூனிட்டாகப் பிரித்திருக்கிறேன்.

யூனிட் 1: நேரம்

முதல் தடவை போனப்ப நான் இந்த யூனிட்டிலேயே ஃபெயில்.

நாங்க நாலு பேர். தேனியில் நிதானமா பரோட்டா சாப்பிட்டு, கோம்பைத்தொழு பக்கம் போய்ச் சேர்ந்தப்ப மணி பத்தரை தாண்டிடுச்சு. தோட்டங்கள் முடிந்து கரடு ஆரம்பிக்கிற இடத்தில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் எதிரே இறங்கி வந்தார்.

"எங்கப்பா போறீக?"

"மேல அந்தப் பாறை வரைக்கும் தாத்தா."

எங்கள் கையைப் பார்த்தார். "நாலு பேருக்கு ரெண்டு பாட்டுலு தண்ணியா? வெயிலு ஏறிருச்சு, காத்தும் மேல ஏற ஆரம்பிச்சிருச்சு. நாங்களே ஆட்ட எறக்கிட்டு வர்றோம். நாளைக்கு விடியக்காலைல வாங்கப்பா."

கடுப்பாத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிட்டோம். மறுநாள் ஆறு மணிக்கு அதே இடத்தில் நின்றோம். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நல்ல அரியர் அதுதான்.

பெரியவர் அனுபவத்தில் சொன்னதை நாம கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒரு விதி சொன்னார். மூணு மைலுக்கு ஒரு மணி நேரம்; ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம். நம்ம அளவில் சுமாராக 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி.

போக வர 8 கி.மீ., ஏற்றம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 1 மணி 36 நிமிஷம், ஏற்றத்துக்கு 40 நிமிஷம். மொத்தம் 2 மணி 16 நிமிஷம். ஆனால் நெய்ஸ்மித் நடந்தது ஸ்காட்லாந்து குளிரில். நம்ம வெயிலுக்கும், வருஷம் முழுக்க ஹாஸ்டல் கட்டிலில் கிடந்த நம்ம காலுக்கும் ஒன்றரை மடங்கு போடுங்க. கிட்டத்தட்ட மூணரை மணி நேரம். நின்று பார்க்க ஒரு மணி நேரம் சேர்த்தால் நாலரை. ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கு அடிவாரத்தில் இருப்பீங்க. பத்தரைக்குக் கிளம்பினால் மூணு மணிக்கு. அந்த இடைப்பட்ட நேரம்தான் ஆபத்து. ஏன் என்பது யூனிட் 4-ல் வரும்.

இன்னொன்று. கோம்பைத்தொழு பக்கம் சின்னச்சுருளி அருவி மாதிரி மக்கள் வழக்கமாகப் போய் வருகிற இடங்கள் உண்டு. அங்கே வனத்துறை அனுமதிக்கிற நேரத்தில் போகலாம். அதைத் தாண்டி மேலே உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். 2021-ல் அறிவிக்கப்பட்டது, நாட்டின் 51-வது, தமிழ்நாட்டின் 5-வது. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். முறையாகக் காட்டு வழியில் நடக்க ஆசை இருந்தால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை அறிவித்தார்கள். ஆன்லைனில் புக் பண்ணினால் வழிகாட்டியோடு அனுப்புவாங்க. தீ அபாயம் கூடுகிற மாதங்களில் பாதைகளை மூடிடுவாங்க. மூடியிருந்தால் வேறு வழி தேடாதீங்க, மூடியிருக்குன்னு அர்த்தம்.

யூனிட் 2: பார்வை

சிலபஸில் பெரிய யூனிட் இதுதான், ஜாலியானதும் இதுதான்.

முதலில் ஆறு. வருசநாட்டு மலைகளில்தான் வைகை பிறக்கிறது. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்குகிற அதே வைகை. இங்கே அதன் பெயர் மூல வைகை. கோடையில் போய்ப் பார்த்தால் முக்கால்வாசி இடத்தில் வெறும் மணல். "இதுவா ஆறு?" என்று தோன்றும். கொஞ்சம் பொறுமையாக நில்லுங்க. மணலில் ஊற்று தோண்டிய குழிகள் தெரியும். ஆற்றுக்குள்ளேயே உறை கிணறு தெரியும். கரையோர ஊர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. ஆறு வற்றவில்லை, மணலுக்குக் கீழே இறங்கிப் படுத்திருக்கிறது. சிவில் மக்கள் டார்சி விதி என்று மனப்பாடம் பண்ணினது இதைத்தான். மணலை அள்ளினால் கிணறு ஏன் வற்றுகிறது என்று இங்கே ஒரு நிமிஷம் நின்றால் புரிந்துவிடும். எனக்கு அது கிளாஸில் புரியவில்லை.

அடுத்து, மலையை நிமிர்ந்து பாருங்க. கரடு முழுக்கப் பழுப்பு. மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கின்றன. இலை இருந்தால் அதன் வழியே தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வரவு இல்லாத மாசத்தில் செலவை நிறுத்துகிறது மரம். அந்தப் பழுப்புக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு வளைந்து வளைந்து இறங்கும். அது ஓடை. ஓடையில் தண்ணீர் தெரியாது. ஆனால் அடியில் இருக்கிறது. நீர்மருதும் புளியும் புங்கமும் அதைக் குடித்துத்தான் பச்சையாக நிற்கின்றன. மழைக்காலத்தில் வந்தால் மலை முழுக்க ஒரே பச்சை, இந்தக் கோடு தெரியவே தெரியாது. கோடை என்பது மலைக்கு எடுத்த எக்ஸ்ரே மாதிரி. எலும்பு எங்கே, ரத்தக்குழாய் எங்கே என்று தெரியும்.

அந்தப் பச்சைக் கோட்டின் உச்சாணியைப் பாருங்க. இந்த மலைத்தொடரின் பிரபலம் சாம்பல் நிற மலை அணில். நம்ம வீட்டு அணில் மாதிரி இல்லை, வாலோடு சேர்த்தால் பூனை நீளம் வரும். அதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். அது பெரும்பாலும் தரைக்கு இறங்காது. மரத்துக்கு மரம் தாவிப் போகும். அதனால் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்கு ரோடு கட். நாங்கள் அணிலைப் பார்க்கவில்லை. ஒரு கூடு மாதிரி எதையோ பார்த்து அரை மணி நேரம் சண்டை போட்டோம். அதுவும் நல்லாத்தான் இருந்தது.

வருசநாட்டுப் பக்கம் போய்விட்டு இலவ மரத்தைப் பார்க்காமல் வராதீங்க. இந்தப் பகுதி இலவம் பஞ்சுக்குப் பேர் போனது. கோடையில்தான் காய் வெடிக்கும். இலை இல்லாத மரத்தில் பஞ்சு மட்டும் தொங்கும். காற்று அடித்தால் ரோட்டில் பனி பெய்கிற மாதிரி பறக்கும். 'இலவு காத்த கிளி' என்று தமிழ் அம்மா சொன்னப்ப எழுதி வைத்தோமே, அந்தக் கிளி எதைக் காத்துக்கொண்டு இருந்தது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்க. எடையே தெரியாது. ஒவ்வொரு நாரும் உள்ளே வெற்றுக் குழாய், அதற்குள் காற்று. மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் நனையாது, மிதக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் இதை அடைத்தார்கள்.

கடைசியாக மேற்கே திரும்புங்க. அங்கே சுவர் மாதிரி நிற்கும் மேகமலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. இரண்டு பள்ளத்தாக்கும் அக்கம்பக்கம்; இரண்டும் தென்மேற்குப் பருவமழைக்கு மலை மறைப்பில் இருப்பவை. ஆனால் அங்கே இருபோகம் நெல், இங்கே மானாவாரி. காரணம் வானம் இல்லை, இன்ஜினியரிங். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணீரில் விளைகிறது. மூல வைகைக்கு அப்படி ஒரு குகை வாய்க்கவில்லை, பெய்தால்தான் ஓடும். ஒரு சுரங்கம் இருப்பதும் இல்லாததும் இரண்டு ஊர்களை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த டெக்ஸ்ட் புக்கிலும் இல்லை. இரண்டு தண்ணீரும் கீழே போய் வைகை அணையில் கலக்கின்றன என்பது கிளைமாக்ஸ்.

யூனிட் 3: உடம்பு

வெயிலில் மலை ஏறும்போது உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். மூணரை மணி நேர நடைக்கு ஆளுக்கு மூணு லிட்டர். மூணு கிலோ எடைதான். காலேஜ் பேக்கில் லேப்டாப்பும் சார்ஜரும் தூக்குறோமே, அதே கனம். தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடிக்காதீங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு மடக்கு.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பு போக, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வெச்சுக்கோங்க. இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது.

ஒரு ட்ராப் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேலே காற்றும் அடிக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று நினைப்போம். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்க. உண்மை அதில் இருக்கு.

கூட வருபவன் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது களைப்பு இல்லை. வெப்பத் தாக்கு. அப்போது கலாய்க்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-க்கு அடிக்கணும்.

யூனிட் 4: தீ

இந்த யூனிட்டில் ஜோக் இல்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நம்மில் பலர் ஸ்கூலில் இருந்தோம். வருசநாட்டுக்கு நேர் எதிரே, இதே தேனி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், போடிக்கு மேலே குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வார இறுதிக்கு வந்தவர்கள். நாம வேலைக்குச் சேர்ந்தால் எந்த மாதிரி ஆளாக இருப்போமோ, அந்த மாதிரி ஆட்கள். உதவிக்கு முதலில் மலை ஏறியது அந்தப் பக்கத்து ஊர் மக்கள்தான். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் வந்தன.

ஏன் தப்பிக்க முடியவில்லை என்று தூரத்திலிருந்து கேட்பது சுலபம். மலைச்சரிவில் தீ எப்படி ஓடும் என்று தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

ஒன்று, எரிபொருள். கோடையில் காய்ந்த புல் மெல்லிசு. பரப்பளவு அதிகம், எடை குறைவு. மரக்கட்டை காய நாள் கணக்கில் ஆகும், புல்லுக்கு ஒரு மணி நேர வெயில் போதும். தீப்பொறி பட்டால் கண நேரத்தில் பிடிக்கும்.

இரண்டு, சரிவு. சமதளத்தில் தீயின் வெப்பம் நேரே மேலே போய்விடும். சரிவில் மேலே இருக்கும் புல், தீ நாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தீ வருவதற்கு முன்பே அது சூடாகி, எரியத் தயாராக நிற்கும். சரிவு 10 டிகிரி கூடினால் மேலே ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆஸ்திரேலியாவின் மக்ஆர்தர் வகுத்த விதி இது. 30 டிகிரி சரிவில் எட்டு மடங்கு. நமக்கோ ஏற ஏற வேகம் குறையும். அதனால் தீயை விட்டு மேல்நோக்கி ஓடி ஜெயிக்க முடியாது.

மூன்று, காற்று. காலையில் வெயில் பட்டதும் மலைச்சரிவு சூடாகும். அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறும். பள்ளத்தாக்குக் காற்று பின்னாலேயே வரும். மத்தியானம் அது உச்சத்தில் இருக்கும். ராத்திரியில் தலைகீழ், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஆக, மத்தியான நேரத்தில் சரிவும் காற்றும் ஒரே திசையில் தீயைத் தள்ளும்.

"காத்தும் மேல ஏற ஆரம்பிச்சிருச்சு" என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதன் முழு விடை இதுதான். அவர் சொன்ன ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு மூணு வருஷப் படிப்பு தேவைப்பட்டது.

என்ன செய்யணும்? புகை வாசனை வந்தால் போட்டோ எடுக்க நிற்காமல், புகைக்கு எதிர்ப்பக்கமாக, பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ வெளியேறுங்க. புல் இல்லாத பாறை, ஏற்கனவே எரிந்து கருகின இடம், அகலமான மணல் ஓடை, இவைதான் தஞ்சம். மலை மடிப்பில் இருக்கும் குறுகின பள்ளத்துக்குள் போகாதீங்க, அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். மலையில் வகிடு எடுத்த மாதிரி புல் செதுக்கின கோடுகள் தெரியும். வனத்துறை கோடைக்கு முன்பே போடும் தீத்தடுப்புக் கோடுகள் அவை. ஏறும்போதே அவை எங்கே இருக்கு என்று பார்த்து வெச்சுக்கோங்க. நைலான், பாலியெஸ்டர் ஜெர்சி வேண்டாம், சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திச் சட்டை போடுங்க. சிகரெட், தீப்பெட்டி, மேகி சமைக்கிற அடுப்பு எதுவும் பையில் வரக் கூடாது. இது கோரிக்கை இல்லை.

யூனிட் 5: கோடை மழை

காலையில் மேலே ஏறின அதே காற்றுதான் மத்தியானத்துக்கு மேல் மேகமாக நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் திடீரென்று இடி மின்னலோடு கொட்டும். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிங்க. மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கு. மலை முகட்டில் நிற்காதீங்க, ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீங்க, கீழே இறங்கிக்கொண்டே இருங்க.

யூனிட் 4-ல் தஞ்சம் என்று சொன்ன மணல் ஓடை இப்போது ஆபத்து. 2015 மே மாதம் சதுரகிரியில், அமாவாசைக்கு மலையேறின பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, உயிர்கள் போயின. சதுரகிரி வேறெங்கோ இல்லை, இதே மலைத்தொடரின் மறுபக்கம்தான். உங்க தலைக்கு மேலே வானம் வெளுப்பாக இருக்கலாம். மேலே மலையில் பெய்தால் போதும். ஓடையில் தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், கரை ஏறிடுங்க. அக்கரையில் மாட்டிக்கொண்டால் தாண்ட முயற்சி பண்ணாமல் வடியும் வரை உட்காருங்க. ஒரே இடம், நேரத்தைப் பொறுத்து பாதுகாப்பாகவும் இருக்கும், பொறியாகவும் இருக்கும். அதனால் மனப்பாடம் உதவாது, கவனிப்புதான் உதவும்.

அந்த இரண்டாவது நாள் நாங்கள் பாறையில் ஏறி உட்கார்ந்தப்ப மணி எட்டு. கீழே இலவந்தோட்டம் வெள்ளையாக இருந்தது. நடுவில் மூல வைகை மணல் ரோடு மாதிரி போனது. எங்கேயோ ஒரு அக்காக்குருவி சுருதி ஏத்தி ஏத்திக் கத்திக்கொண்டிருந்தது. யாரும் போனை எடுக்கவில்லை, சிக்னலும் இல்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். ஒன்பதரைக்கு எழுந்து இறங்கினோம். இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது. அந்த நினைப்போடு இறங்கினதுதான் சரி. பாதி வழியில் காற்று முதுகை விட்டு முகத்துக்குத் திரும்பி, கீழேயிருந்து மேலே வீச ஆரம்பித்தது. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பார்ட் ஏ (கிளம்புவதற்கு முன் விடையளிக்கவும்)

1. எத்தனை மணிக்குத் திரும்புவீங்க என்று வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லியாச்சா?

2. பாதை திறந்திருக்கா, அனுமதி இருக்கா?

3. ஆளுக்கு எத்தனை லிட்டர்?

4. கடைசியாக ஊர்க்காரர் யாரிடம் வழி கேட்டீங்க, அவர் என்ன சொன்னார்?

பார்ட் பி (நடந்து முடித்த பின்)

5. ஒரு வறண்ட மலையைப் படம் வரைந்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று குறிக்கவும்.

6. காற்று எத்தனை மணிக்குத் திசை மாறியது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பார்ட் ஏ-வில் சாய்ஸ் கிடையாது. நாலுக்கு நாலு வந்தால் மட்டும் பஸ் ஏறுங்க.